ஐதரசன் ஓட்டோவும் பயந்த அக்காவும்

யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக ஐதரசனில் ஓட்டோ ஓட்டிய மனிதன் நான்தான்.

இது பச்சைப் பொய். அந்த ஓட்டோ ஒரு முழம்கூட ஓடவில்லை. ஓடியது நான். அதிலும் முதலிடம் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு அக்கா ஓடினார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், வாய் என்னைப் பற்றித் தொடங்கிவிட்டது.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில்தான் அக்காவுடைய அண்ணரின் வீடு. அக்கா இளம் வயதிலேயே ஜேர்மனிக்குப் போனவர். அண்ணருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, வேலையில் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஜேர்மனியில் அவருக்கு ஒரு பஸ் டிப்போவில் வேலை. அங்கே நின்றவை ஐதரசன் வாயுவில், ஹைட்ரஜன் என்கிறார்களே, அதில் ஓடுகிற பஸ்கள். முதலில் பஸ் கழுவினாராம். பிறகு, வாயு எங்காவது கசிகிறதா என்று ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு டிப்போ முழுக்க நடக்கிற வேலையைக் கொடுத்தார்களாம். அது ஏன் உங்களுக்குக் கிடைத்தது என்று கேட்டேன். அங்கே இருந்த எல்லாரிலும் பார்க்கத் தான்தான் கூடப் பயந்தவள் என்று, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிச் சொன்னார்.

எனக்கு ஐதரசன் என்றால் என்னவென்று தெரியாது. பள்ளிக்கூடம் விஞ்ஞானத்துக்கு வந்து சேரும் முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சேர்ந்துவிட்டேன். தவராசன், குணராசன் மாதிரி ஐதரசன் என்றும் ஒரு ஆள் இருக்கிறார், அவருடைய பஸ் கொம்பனியில்தான் அக்கா வேலை செய்கிறார் என்று நினைத்து, சம்பளம் ஒழுங்காகத் தாறவரோ என்று விசாரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஓம், நல்ல மனுசன், ஆனால் அறைக்குள் பூட்டி வைத்தால்தான் கோபம் வரும் என்றார்.

எங்கள் ஊரில் பயம் என்ற சாமானை யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை. யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சண்டைக் காலத்தில் செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தபோது சவரம் செய்து முடித்தவர். இன்னொருவர் குண்டு போடுகிற பொம்பர் தலைக்கு மேலே சுற்றும்போது கிணற்றடியில் நின்று சவர்க்காரத்தைக் கழுவாமல் வரமாட்டேன் என்றவர். நானும் சொல்லுவேன். பங்கருக்குள் இருந்து மாங்காய் தின்ற கதை. மாங்காய் தின்றது உண்மை. களிசான் நனைந்ததைச் சொல்லுவதில்லை.

இப்படிப்பட்ட வீரர்களுக்கு நடுவே அக்கா வந்து இறங்கினார். மற்றவர்கள் “எனக்குப் பசிக்குது” என்று சொல்லுகிற அதே குரலில், “எனக்குப் பயமாக் கிடக்கு” என்பார். வெட்கமே இல்லை. தென்னைக்குக் கீழே கதிரை போட்டால் இருக்கமாட்டார், கதிரையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போவார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் பின்கதவைப் பார்ப்பார். என் ஓட்டோவில் ஏறினால் தலைக்கவசம் போடுவார். ஓட்டோவில் தலைக்கவசம் போட்ட சனத்தை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். கோப்பாய்ச் சந்தியில் என்னைப் பார்த்து, பயணி இவ்வளவு ஆயத்தமாக வருகிறார் என்றால் சாரதி எப்படிப்பட்டவன் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் இரும்புப் படலையை உள்ளங்கையால் ஒருமுறை தொடுவார். ஊர்ப் பெண்கள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துத் தாங்களும் தொட்டுக் கும்பிடத் தொடங்கினார்கள். உண்மையில் அது டிப்போப் பழக்கம். உடம்பில் தேங்கி நிற்கிற மின்சாரம் சின்னப் பொறியாகப் பாய்ந்தாலும் வாயு பற்றிவிடுமாம். அதனால் முதலில் இரும்பைத் தொட்டு அதை இறக்கிவிட வேண்டுமாம். இதற்காகவே நைலோன் சேலை கட்டமாட்டார். பருத்திதான்.

செத்தவீட்டுக்கும் விடுதலை இல்லை. ஒருமுறை பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த குத்துவிளக்கு, மேலே கட்டியிருந்த வெள்ளைச் சேலைக்குக் கிட்ட எரிந்துகொண்டிருந்தது. ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது அக்கா எழும்பிப் போய் விளக்கைத் தள்ளி வைத்தார். செத்தவரின் மருமகன் முறைத்தான். அக்கா அவனுக்குச் சொன்னது இதுதான்: “அவர் போயிட்டார் தம்பி. துணைக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போகவேணுமே?”

கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். வாயு நிரப்பிய பலூன் விற்கிறவன் தன் சிலிண்டரை ஒரு கச்சான் கடலைக் கடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். கச்சான் கடைக்காரி மணலைச் சூடாக்கிக் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தாள். அக்கா இருவருக்கும் நடுவில் போய் நின்று, இரண்டில் ஒரு ஆள் தள்ளிப் போகும்வரை அசையமாட்டேன் என்றார். இத்தனை வருசம் ஒன்றும் நடக்கவில்லை என்று கச்சான்காரி சண்டைக்கு வந்தாள். நடந்திருந்தால் நீர் இதில் இருந்து கதைக்கமாட்டீர் என்றார் அக்கா. சுவாமி வீதி சுற்றி வரும்வரை நின்றார். கடைசியில் பலூன்காரன்தான் தோற்றான்.

இனி அண்ணரைச் சொல்ல வேண்டும். அக்கா எவ்வளவு பயந்தவரோ, அண்ணர் அவ்வளவு வீரர். சண்டைக் காலத்தில் பெற்றோல் வர விடாமல் தடை போட்டிருந்தபோது, தன் பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை ஏமாற்றி எழுப்பிவிட்டு, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் ஆட்களை ஏற்றி இறக்கியவர். அதனால் எரிகிற எந்தச் சாமானும் தனக்குச் சொந்தக்காரன் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த மனிதருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மெசினில் ஏறி, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தவறினால் உடம்பு வீங்கி மூச்சு அடைக்கும். இது எனக்கும் அக்காவுக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாது என்பது அண்ணரின் கட்டளை. ஊருக்கு அவர் சொன்ன காரணம் காணி வழக்கு. கிழமைக்கு இரண்டு தவணை போடுகிற நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று ஒருவராவது கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் காணி வழக்கு என்றால் சனம் எதையும் நம்பும்.

கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன் நான். பெற்றோல் கிடைக்காமல் போனதும் எனக்கு முதலில் வந்த கவலை அதுதான். இரண்டாவது கவலை என் வயிறு. வரிசையை மாற்றியும் சொல்லலாம், நான் ஒன்றும் பெரிய மனிதன் இல்லை.

ஆகவே ஒரு கான் பெற்றோலை எப்படியோ பிடித்து என் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அக்கா ஒருநாள் மனைவிக்கு முருங்கைக்காய் கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்றார். பிறகு நிலத்தில் குந்தி, பூனை மாதிரி மணந்து மணந்து அறைக்குள் வந்தார். கட்டிலுக்குக் கீழே என்ன என்று என்னைக் கேட்டார். பழைய சாமான் என்றேன். என்னை விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

“பிள்ளை, உவர் உம்மைப் பெற்றோலுக்கு மேலை படுக்க வைச்சிருக்கிறார்.”

என் மனைவிக்கு அக்காவின் பயம் ஒட்டிக்கொண்டது அன்றுதான். குசினி அடுப்பு பக்கத்து அறையில். பெற்றோலின் ஆவி பாம்பு மாதிரி, நிலத்தோடு ஊர்ந்து வந்து நெருப்பைத் தேடும் என்று அக்கா விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து கானும் நானும் மாட்டுக்கொட்டிலில் படுத்தோம். கானை மனைவி இடையிடையே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த உரையாடலில்தான் நான் கேட்டேன், பெற்றோலுக்கே இவ்வளவு என்றால் உங்கள் ஐதரசன் எப்படி என்று. அவர் அதைக் குறை சொல்லவில்லை. “அது கெட்ட சாமான் இல்லைத் தம்பி. எல்லாத்திலும் இலேசு. மேலை ஒரு வழி விட்டால் உன்னைத் திரும்பியும் பாராமல் போயிடும். ஆனால் மணம் இல்லை, நிறம் இல்லை. பகலிலை எரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.” டிப்போவின் கூரையில் தானாகத் திறக்கிற கதவுகள் இருக்கின்றனவாம். பஸ்ஸின் வாயுத் தாங்கியே கூரைக்கு மேலேதானாம். எல்லாம் சரியாகச் செய்தால் பெற்றோலிலும் பார்க்க நல்லதாம். எல்லாம் சரியாகச் செய்தால் நானும் இப்போது டொக்டர் என்றேன்.

கான் முடிந்தது. பஸ்ஸில் போகலாம் என்றால், ஓடிய ஒன்றிரண்டு பஸ்களிலும் சனம் தொங்கியது. மெசினால் இறங்கின அண்ணருக்கு நிற்கவே கால் இல்லை. அம்புலன்ஸ் வாசலில் நின்றால் வழக்கு என்ன வழக்கு என்று தெரிந்துவிடும். வருத்தக்காரர் என்று சொன்னால் பெற்றோல் அடிக்கிற செட்டில் முன்னுக்கு விடுகிறார்கள் என்று நான் கேள்விப்பட்டு வந்து சொன்னேன். அண்ணர் என்னை அடிக்காத குறை. வரிசையில் நிற்கிற பொடியளுக்கு முன்னால் போய், நான் சாகப்போறன், பெற்றோல் தாங்கோ எண்டு கேக்கிறதோ, அதுக்குச் சாகலாம் என்றார்.

அக்கா கெஞ்சினார். எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணா, கேளுங்கோ என்றார். உனக்கு எப்பதான் பயம் இல்லை என்றார் அண்ணர்.

அப்போதுதான் அண்ணருக்கு யோசனை வந்தது. யோசனைக்குக் காரணம் அக்காதான். ஐதரசன் பஸ்ஸின் புகைக்குழாயால் புகை வராது, தண்ணீர்தான் சொட்டும் என்று ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தார். அண்ணர் அதைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வெளியே வருகிறது என்றால் தண்ணீர்தான் உள்ளே போகிறது. கோப்பாயில் கிணறு இல்லாத வளவு உண்டோ?

அக்கா தலையில் கைவைத்தார். “அண்ணா, சோறு திண்ட பிறகு வெளியிலை வாறதை வைச்சுத் திருப்பிச் சோறு ஆக்கேலாது.”

அண்ணர் அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் ஏதோ வீடியோ பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். ஊறுகாய் போடுகிற பெரிய போத்தல்கள், அவற்றுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் வெட்டிய சில்வர் தகடு, அதற்குப் பற்றறியிலிருந்து மின்சாரம். தகடு, என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகள். வீட்டில் ஒரு கிழமை வாழையிலையில் சாப்பிட்டோம். மனைவி முதலில் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தாள்.

மின்சாரம் கொடுத்ததும் தண்ணீர் குமிழி விட்டது. அந்தக் குமிழியை ஒரு குழாயால் ஓட்டோவின் இயந்திரத்துக்குள் விட வேண்டும், அவ்வளவுதான் என்றார் அண்ணர். வேலை முழுக்க அவருடைய பழைய கார்க் கொட்டிலில். மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். முன்பக்கம் திறந்திருந்தால் அக்காவின் கண்ணில் படும் என்று அதற்கும் தறப்பாள் சீலை கட்டினோம். கட்டியது நான். ஒரு நீக்கல் இல்லாமல் கட்டினேன். நான் செய்த வேலைகளிலேயே திருத்தமான வேலை அது, அதுதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

அடுத்த நாள் அண்ணருக்கு மெசின் முறை. போன முறையே தவறிவிட்டது. கால் வீங்கி, செருப்புக்குள் போகாமல் நின்றது. அதற்கு முதல் நாளே எப்படியும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று விடியவே பற்றறியைக் கொழுவி மின்சாரத்தை விட்டார். வாயு நிறைந்து நிற்கட்டும் என்பது அவருடைய எண்ணம். இயந்திரத்துக்குப் போக வேண்டிய குழாயை நான் கடைசியாக மாட்டலாம் என்று விட்டிருந்தேன். வாயு என்ன செய்யும்? கொட்டிலுக்குள் வந்தது. அக்காவைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க அனுப்பியிருந்தோம்.

இனி ஓட்டோவை எடுக்க வேண்டும். எடுக்கிறது என்றால் எங்கள் ஊரில் சும்மா எடுப்பதோ? புது வண்டி, புது இயந்திரம், புது ரயர் எதுவானாலும் முன்னால் தேங்காயில் கர்ப்பூரம் கொளுத்தி, சுற்றி, உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசித்துக்கொண்டுதான் உருளும். கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செய்வதுதான் முறை. கோயிலுக்கு ஓட்ட எரிபொருள் இல்லாதபடியால் கொட்டில் வாசலிலேயே செய்தோம். நான் மூன்று சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்து தறப்பாளை மறுபடி இறக்கினேன், தூறல் விழுந்துகொண்டிருந்தது. மனைவி தட்டில் சந்தனம், குங்குமம், கர்ப்பூரம் வைத்த தேங்காயோடு வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பேப்பரில் படம் வந்தால் எந்தச் சேட்டுப் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

படலை சத்தம் போட்டது. அக்கா. சந்தைக்குப் போகவில்லை. வந்த பஸ்ஸின் மிதிபலகையில் சனம் தொங்கியதைப் பார்க்கப் பயமாக இருந்ததாம், திரும்பி நடந்து வந்துவிட்டார்.

தறப்பாளைப் பார்த்தார். உள்ளே சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். எவ்வளவு நேரமாக என்று மெல்லக் கேட்டார். விடியத்தொடக்கம் என்றார் அண்ணர், பெருமையாக. அக்கா தகரக் கூரையை ஒருமுறை பார்த்தார். தட்டைத் தூரக் கொண்டுபோகச் சொன்னார்.

“செல்லடிக்குள்ளை கார் ஓடினவன் நான். உந்தக் குமிழிக்கு ஓடுறதோ? நீ கொளுத்து பிள்ளை,” என்று அண்ணர் என் மனைவிக்குச் சொன்னார். அவள் கொளுத்திவிட்டாள்.

அக்கா வாதாடவில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். “ஓடுங்கோ” என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடினார்.

எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஒரு ஆள் அப்படிக் கத்திக்கொண்டு ஓடினால், என்னத்துக்கு என்று கேட்கமாட்டோம். கால் முதலில் போகும். கேள்வி பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். நான் எப்போது ஓடத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. மனைவி இரண்டு கையையும் மேலே எறிந்துவிட்டு ஓடினாள். கையோடு தட்டும் மேலே போனது. எரிகிற கர்ப்பூரம் தறப்பாளுக்கு மேலால், தகரத்துக்குக் கீழால், நான் இரண்டாம் முறை இறக்கும்போது விட்டுப்போன, எத்தனை பேர் குறி பார்த்து எறிந்தாலும் போகாத ஒரு நீக்கலுக்குள் போனது.

பிறகு ஒரு சத்தம். அதை எப்படிச் சொல்வது? காதால் கேட்கவில்லை, வயிற்றால் கேட்டேன். கூரைத் தகரம் ஒன்று எழும்பி, யோசித்து, பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் விழுந்தது. தறப்பாள் வேலியைத் தாண்டிப் போனது. ஓட்டோவின் மேல்துணி இல்லை.

நான் வாழைத்தோட்டத்துக்குள் முகம் குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் யார் என்று பார்த்தேன். அண்ணர். முழங்கை நிலத்தில், விரல் காதுக்குள், வாய் ஆவென்று திறந்தபடி. செல் விழும்போது எப்படிக் கிடக்க வேண்டுமோ, ஒரு பிழை இல்லாமல் அப்படிக் கிடந்தார். வீங்கின காலோடு எங்களுக்கு முந்தி வந்து கிடந்தார்.

அக்கா முழங்காலில் ஊர்ந்து அவருக்குப் பக்கத்தில் வந்தார். அவருடைய காதிலிருந்து விரலை எடுத்தார்.

“பயமாக் கிடக்கோ, அண்ணா?”

நான் ஏதோ பகிடி விட வாயைத் திறந்தேன். மண்தான் உள்ளே போனது.

“ஓம்,” என்றார் அண்ணர். பிறகு அடைப்புத் திறந்த மாதிரி வந்தது. “உந்தச் சத்தத்துக்கு இல்லையடி. அந்த மெசினுக்குப் பயம். ஊசியைக் காணப் பயம். நாளைக்குப் போகேலாட்டில் எண்டு நினைச்சால் படுக்கேலாமல் கிடக்கு.”

“எனக்கும்தான்,” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அவருடைய முதுகில் ஒட்டியிருந்த வாழைச் சருகை எடுத்துவிட்டார்.

பிறகு எழும்பிப் போய், குசினிக்குப் பின்னால் இருந்த ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார். தனக்குப் பயமாகக் கிடக்கு, ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றைக் கைக்கெட்டும் தூரம் முன்னால் நீட்டியபடி ஓட்டோவை நோக்கி நடந்தார். சந்தனப் பொட்டு வைத்த வண்டிக்கு விளக்குமாறு காட்டுகிறதைப் பார்த்து என் மனைவி விக்கி விக்கி அழுதாள். வெடித்ததற்கு அவள் அழவில்லை. இதற்குத்தான் அழுதாள். கண்ணுக்குத் தெரியாத நெருப்பு எங்கேயாவது நின்றால் ஈர்க்கு முதலில் பற்றும், ஆள் தப்பலாம் என்பது டிப்போவில் பழகிய வித்தை என்று பிறகுதான் சொன்னார். சுற்றி வந்தார், மேலேயும் கீழேயும் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பற்றவில்லை. காற்று நன்றாக வந்து போகும்வரை நின்றுவிட்டு, பற்றறி வயரைக் கழற்றினார். கூரை இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார்.

ஐதரசனோடு அது எரியத் தேவையான ஒட்சிசனையும் ஒரே போத்தலில் சேர்த்து அடைத்து வைத்தது நாங்கள்தான் என்றும் சொன்னார். டிப்போவில் அப்படி ஒரு பேயனும் செய்யமாட்டானாம். ‘நாங்கள்’ என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

அதற்குள் ஒழுங்கைச் சனம் கூடிவிட்டது. எல்லார் சேட்டிலும் மண். வீரர்கள் அத்தனை பேரும் அவரவர் வளவில் விழுந்து கிடந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கேட்டார், காணி வழக்குக்காரன் குண்டு வைச்சிட்டானோ அண்ணை என்று.

அண்ணர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். “வழக்கு ஒண்டும் இல்லை. எனக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சுது. நாளைக்கு மெசினிலை ஏறாட்டில் தப்பமாட்டன்.”

கேட்டவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கிழமைக்கு இரண்டு தவணை எடுக்கிற வக்கீல் கெட்டிக்காரன் என்று, தன் மகனையும் அவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட இருந்தவர்.

அன்று பின்னேரம் மேல்துணி இல்லாத ஓட்டோவில் அண்ணரை இருத்தி, ஒழுங்கைச் சனம் சேர்ந்து பெற்றோல் செட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வரிசை கண்ணுக்கெட்டாத தூரம். நடுவால் போனதும் பொடியள் மறித்தார்கள். எல்லார் வீட்டிலும்தான் வருத்தக்காரர் இருக்கினம் என்று ஒருவன் குரலை உயர்த்தினான். பொய் சொல்லி முன்னுக்குப் போனவர்கள் அவ்வளவு பேர், அவனில் பிழை இல்லை. நான் பதில் சொல்ல வெளிக்கிட்டேன். அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அண்ணர் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காலைக் காட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க முயன்றார், பிறகு அந்தப் பொடியனின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“எனக்குப் பயமாக் கிடக்குத் தம்பி. வேறை ஒண்டும் சொல்லத் தெரியேல்லை.”

அந்தப் பொடியன் தன் மோட்டார் சைக்கிளை ஒரு பக்கம் தள்ளினான். அவனுக்கு முன்னால் நின்றவனும். அதற்கு முன்னால் நின்றவனும். அந்த இடைவெளியால் நான் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது குறைவு.

அடுத்த நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனது ஒரு காட்சி. மேலே கூரை இல்லை, மழை. அக்கா தலைக்கவசத்தோடு இருந்து அண்ணருக்குக் குடை பிடித்தார். வழியில் நின்ற சனம் ஏதோ சுவாமி ஊர்வலம் போகிறது என்று ஒதுங்கி நின்றது. மெசினில் ஏற்றும்போது அண்ணர் தாதியிடம் ஊசிக்குப் பயம் என்று சொன்னாராம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கதை கொடுத்துக்கொண்டுதான் குத்துகிறதாம். இவ்வளவு நாளும் இதைச் சொல்லியிருக்கலாமே என்று அண்ணர் திரும்பி வரும்போது முணுமுணுத்தார். நீங்கள்தான் செல்லடிக்குள் கார் ஓடினவர் ஆச்சே என்றேன். குடைக்காம்பால் அடி விழுந்தது. அடித்தது அக்கா.

லீவு முடிந்து அக்கா போய்விட்டார். இப்போதும் அந்த டிப்போவில்தான் பயந்துகொண்டு நடக்கிறார். ஆனால் அவர் போன நாளின் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். சாமான் சோதிக்கிற இடத்தில் அக்கா வரிசையை விட்டு விலகி, அங்கே நின்ற துவக்குக்காரப் பொலிசிடம் நேரே போனார். அவன் சிங்களப் பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அக்கா அவனுடைய துவக்கைக் காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தம்பி, இது ஏன் என் பக்கம் பார்க்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அந்தப் பொடியன் துவக்கைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், சுற்றிவர யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குனிந்து அக்காவின் காதில் மெல்ல, எனக்கும்—

இருங்கள், இன்றைக்கு மெசின் முறை, படலையடியில் அண்ணர் கத்துகிறார். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரல்.

“டேய், என்ரை ரத்தம் ஊத்தையாக் கிடக்கு. கதையை விட்டிட்டு ஓட்டோவை எடு.”